கொழும்பிலும் கண்டியிலும் ஆஸ்பத்திரி வேலை: மலையகத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பொகவந்தலாவைப் பக்கம். கொழும்பில் ஏழு வருடம் நோயாளி பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். அந்த ஒரே காரணத்துக்காக, ஏஎல் (உயர்தரம்) முடித்த பிள்ளை இருக்கிற வீடுகளில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உண்மையிலேயே வேலை இருக்கிறதா, சும்மா சொல்கிறார்களா?

இருக்கிறது. எந்த வேலை, யார் சம்பளம் தருகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

டொலர் இல்லாமல் நாடு தவித்த 2022இல், அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே கதவைத் திறந்துவிட்டது. டொக்டர்மாரும் தாதியரும் அந்த வழியாகவும் வேறு வழிகளிலும் போனார்கள். மற்றப் பக்கம், நாடு வயதாகிக்கொண்டு வருகிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே அறுபது வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். அவர்களில் பலரின் பிள்ளைகள் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டும், அனுப்பப் பணம் இருக்கிறது, கூட இருக்க ஆள் இல்லை.

ஆக, தனியார் ஆஸ்பத்திரிகளிலும் வீடுகளிலும் ஆள் தேடுவது நிஜம். அரசாங்க ஆஸ்பத்திரி வேறு கதை. அங்கே வெற்றிடம் இருப்பதும் ஆள் எடுப்பதும் ஒன்றல்ல. வார்டில் ஆள் பற்றாக்குறை என்று எல்லோருக்கும் தெரிந்தாலும், திறைசேரி அனுமதி வந்து, அரசாங்க அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியில் அறிவித்து, பரீட்சை வைத்து முடிக்க வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் பிள்ளைக்கு வயது கடந்துவிடும்.

கண்டியா, கொழும்பா?

முதல் வருடத்துக்கு நான் கண்டி என்பேன். நாட்டின் இரண்டாவது பெரிய ஆஸ்பத்திரியான கண்டி தேசிய வைத்தியசாலை அங்கே இருக்கிறது. பேராதனையில் போதனா வைத்தியசாலை, சிறுவர் வைத்தியசாலை, பல் வைத்தியசாலை எல்லாம் ஒரே பக்கமாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி லேப், பார்மசி, தனியார் கிளினிக் என்று சின்னச் சின்ன வேலை இடங்கள் நிறைய. ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். லீவு கிடைத்தால் அன்றைக்கே வீட்டுக்கு வந்து சேரலாம்.

பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் கொழும்பில்தான். கொள்ளுப்பிட்டியிலிருந்து நாரஹேன்பிட்டி வரை போனால் ஒன்றையடுத்து ஒன்று வரும். சம்பளமும் கொஞ்சம் கூட. ஆனால் போர்டிங் காசு, சாப்பாடு, பஸ் எல்லாம் போக மிஞ்சுவதைக் கணக்குப் பார்க்கும்போது, கண்டியில் இருந்தவள் வீட்டுக்கு அனுப்பிய பணம் கூடுதலாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அரசாங்க தாதியாக என்ன வேண்டும்?

உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு. அங்கேயே நம் பிள்ளைகளில் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் தோட்டப்புறத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு இருப்பவை குறைவு. இருந்தால் அதற்குப் போங்கள், பஸ்ஸுக்குக் காசு போனாலும் பரவாயில்லை.

சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும். தெரிவானால் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம். கண்டியிலும் பதுளையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு தருவார்கள். வயது, பெறுபேறு, உயரம் என்று நிபந்தனைகள் ஒவ்வொரு அறிவித்தலிலும் எழுதியிருக்கும். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வரும். பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பாமல் அதை நீங்களே வாசியுங்கள்.

இன்னொரு வழி பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் பட்டம். நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், பல்கலைக்கழகம் போகத் தேவையான குறைந்த புள்ளி, அதாவது இசட் புள்ளி வெட்டு, கொழும்புப் பிள்ளைக்கு இருக்கிற அளவுக்கு உயரமாக இருக்காது. இது தெரியாமல் விண்ணப்பப் படிவத்தில் தாதியர் பட்டத்தைப் போடாமல் விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஹட்டன் டவுனில் ஆறு மாத நேர்சிங் கோர்ஸ் போட்டிருக்கிறார்கள். முடித்தால் நேர்ஸ்தானே?

இல்லை. இலங்கையில் தாதி என்றால் இலங்கைத் தாதியர் சபையில் பதிந்தவர். ஆறு மாதம் படித்து அந்தப் பதிவு கிடைக்காது. கிடைப்பது உதவித் தாதி அல்லது பராமரிப்பாளர் சான்றிதழ். அதில் தவறொன்றும் இல்லை, நானே அந்த வேலைதான் செய்தேன். அதை நேர்ஸ் என்று சொல்லி விற்பதுதான் தவறு.

என் பெரியம்மா மகள் ஒரு நிலையத்தில் 85,000 ரூபா கட்டினாள். பெரியம்மாவின் சீட்டுக் காசும் ஒரு ஜோடித் தோடும் அதில் போனது. வெள்ளை உடுப்பு, தலையில் குல்லா, மண்டபம் எடுத்துப் பட்டமளிப்பு. சான்றிதழில் தங்க நிற முத்திரை, நீல ரிப்பன். அதை ஃபைலில் வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆள் எடுக்கிற மிஸ் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "என்விகியூ நம்பர் இல்லையா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு மேசையில் வைத்தார். முடிந்தது. அவள் இப்போது அதே ஆஸ்பத்திரியில் துணி மடிக்கும் பிரிவில் இருக்கிறாள். கெட்டிக்காரி, எப்படியோ உள்ளே போய்விட்டாள். ஆனால் அதற்கு அந்த 85,000 தேவையே இருக்கவில்லை.

என்விகியூ என்பது தேசிய தொழில் தகைமை. ஏழு மட்டங்கள் உண்டு. பராமரிப்பாளர் வேலைக்கு மூன்றாம், நான்காம் மட்டம் பேசப்படும். காசு கட்டுவதற்கு முன்னால், நிலையமும் அந்தக் குறிப்பிட்ட கோர்ஸும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவா என்று பாருங்கள். இரண்டையும் பார்க்க வேண்டும். கணினி வகுப்புக்குப் பதிவு எடுத்துவிட்டு, அதே பலகையைக் காட்டி நேர்சிங் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். "அது பிறகு பார்ப்போம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டா என்கிற அரச பயிலுனர் பயிற்சிச் சபையிலும் இதே படிப்புகளைக் குறைந்த செலவில் படிக்கலாம். அவர்கள் சுவரில் பெரிய போஸ்டர் ஒட்டமாட்டார்கள், அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

ஓஎல் (சாதாரண தரம்) மட்டும்தான். அல்லது கலைப்பிரிவு. எனக்கு ஒன்றும் இல்லையா?

பராமரிப்பாளர், ஆஸ்பத்திரி உதவியாளர் (நம் ஆட்கள் அட்டெண்டன் என்பது), வரவேற்பு மேசை, பில் போடுவது, சனல் செய்ய, அதாவது டொக்டரைப் பார்க்கப் பதிய, வரும் நோயாளிக்கு நம்பர் போடுவது. தனியார் ஆஸ்பத்திரியில் டொக்டரையும் நேர்ஸையும் தாண்டி எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று ஒரு நாள் வாசலில் நின்று பாருங்கள். கலைப்பிரிவுப் பிள்ளைக்கு மூன்று மொழியும் வாயில் வந்தால் வரவேற்பு மேசை நல்ல இடம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தவர்களில் வேலை கிடைத்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கொழும்பில் வீட்டோடு தங்கி நோயாளி பார்க்கும் வேலை எப்படி?

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். நம் பகுதியிலிருந்து அதிகம் பேர் போவது இதற்குத்தான், ஏமாறுவதும் இதில்தான்.

நான் முதலில் போனது வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டுக்கு. மூன்றாம் மாடி, ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அம்மாவுக்கு 82 வயது, பக்கவாதம். மகன் இங்கிலாந்தில். தமிழ் பேசுகிற ஆள்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை மூன்று இடங்களிலும் இந்தத் தேவை பெரியது. வயதானவர்கள் கடைசிக் காலத்தில் தமிழில்தான் வலியைச் சொல்கிறார்கள்.

படுத்த படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. திருப்பும்போது முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைக்க மறந்தால் அந்த அம்மா, "பொகவந்தலாவையில் தலையணை இல்லையோ பிள்ளை?" என்பார். ஏஜென்சி சொன்னது பேஷன்ட் பார்க்க மட்டும் என்று. இரண்டாம் வாரம் சமையல்காரப் பெண் லீவில் போனாள். ஒன்றரைக் கிலோ பாரை மீனை என் கையில் தந்தார்கள். மூன்றாம் வாரம் அவள் திரும்பி வரவில்லை.

சம்பளக் கணக்கைப் பாருங்கள். பேச்சுக்கு, நாளுக்கு 2,500 ரூபா என்று வைப்போம். மாதத்துக்கு 75,000, கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது 24 மணி நேரத்துக்கு. மணிக்கு 104 ரூபாதான் விழுகிறது. அதில் ஏஜென்சி கமிஷன் போகும். லீவு நாளுக்குச் சம்பளம் இல்லை. காய்ச்சல் வந்து படுத்தால், தோட்டத்தில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிற மாதிரி கூட இல்லை, முழு நாளும் வெட்டு. சாப்பாடும் தங்கலும் சும்மா கிடைக்கிறது என்பது மட்டும் உண்மை, அதனால்தான் கையில் காசு மிஞ்சுகிறது.

போவதானால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்: சம்பளத்தை வீட்டுக்காரர் தருகிறாரா, ஏஜென்சியா? வெட்டு எவ்வளவு? மாதத்தில் எத்தனை நாள் லீவு, அந்த நாட்களில் மாற்று ஆள் யார்? இரவில் தொடர்ந்து தூங்க எத்தனை மணி நேரம்? நோயாளி ஆணா பெண்ணா, எழுந்து நடப்பவரா? சமையல், துணி துவைப்பது உண்டா? அடையாள அட்டையின் போட்டோ கொப்பி கொடுங்கள், அசலை யாரிடமும் விடாதீர்கள். பிளாட்டின் முழு விலாசம் வீட்டில் ஒரு தாளில் இருக்கட்டும்.

நல்ல வீடுகளும் உண்டு. வெள்ளவத்தை அம்மா எனக்கு இங்கிலீஷ் பேப்பர் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். மீன் விஷயத்தை மகனிடம் போனில் சொன்னதும் அவர்தான்.

சிங்களம் தெரியாது. கஷ்டமா?

வார்டில் சிங்களம் இல்லாமல் நகர முடியாது. நோயாளி, டொக்டர், மேட்ரன், கேட்டில் நிற்கும் செக்கியூரிட்டி எல்லோரும் அதில்தான் பேசுவார்கள். ஆனால் வார்டுச் சிங்களம் பெரிய கடல் இல்லை. "கொஹேத ரிதென்னே?" (எங்கே வலிக்கிறது), "ஹெமின்" (மெதுவாக) என்று ஒரு நூறு சொற்களோடு முதல் மாதத்தை ஓட்டிவிடலாம். மூன்றாம் மாதம் நீங்களே சண்டை பிடிப்பீர்கள்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. ஒரு கிளினிக்கில் லிந்துலைப் பக்கத்துப் பாட்டி ஒருவர் "நெஞ்சு கரிக்குதுங்க" என்றார். பக்கத்தில் நின்றவர் அதை நெஞ்சு வலி என்று சிங்களத்தில் சொல்ல, பாட்டியைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார்கள். பாட்டிக்கு இருந்தது நெஞ்செரிச்சல். அந்த இடத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒரு ஆள் நிற்பதன் விலை ஆஸ்பத்திரிக்குத் தெரியும். நேர்முகத்தில் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அரச வேலைக்குப் போனால் எப்படியும் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டி வரும்.

பையன்களுக்கு?

உண்டு. படுக்கையில் இருக்கும் எழுபது கிலோ அப்பாவைத் தூக்கித் திருப்ப கொழும்பு வீடுகளில் பையன்களைத்தான் கேட்கிறார்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பிறகு நாடு முழுக்க வந்தது. அதில் சாரதியும் வேண்டும், அவசர மருத்துவ உதவியாளரும் வேண்டும். லேப், எக்ஸ்ரே, பிசியோதெரபி எல்லாம் விஞ்ஞானப் பிரிவுக்காரர்களுக்கு. அவற்றுக்கும் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ஆஸ்பத்திரி வேண்டாம். சமூக சேவை வேலை இருக்கிறதா?

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை உத்தியோகத்தர் போன்ற பதவிகள். எண்ணிக்கை குறைவு, போட்டி கடுமை. தொண்டு நிறுவன வேலை திட்டத்தோடு வரும், திட்டத்தோடு போகும். இந்தத் துறையில்தான் இருக்கப் போகிறேன் என்றால் சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனத்தின் சமூகப் பணி டிப்ளோமாவையும் பட்டத்தையும் விசாரியுங்கள். முதியோர் இல்லங்களில் ஆள் எப்போதும் தேவை, ஆனால் சம்பளம் கேட்டால் அழுகை வரும்.

ஊரை விட்டுப் போக விருப்பம் இல்லை. இங்கேயே ஏதாவது?

டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கு இந்திய உதவியில் கட்டிய புதுக் கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்தார். 150 கட்டில். நுவரெலியா, நாவலப்பிட்டி, பதுளை ஆஸ்பத்திரிகளும் எட்டும் தூரம்தான்.

தோட்டத்துக்குள் பிள்ளைக் காம்பிரா, அதாவது இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்களே, அது. அதைப் பார்க்கும் உத்தியோகத்தர்களுக்குப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் பயிற்சி தரும். ஆயா வேலை என்று இளக்காரமாகப் பேசுவார்கள். கொழுந்து எடுக்கப் போகும் தாய் எந்த நம்பிக்கையில் பிள்ளையை விட்டுப் போகிறாள் என்று பேசுகிறவர்கள் யோசிப்பதில்லை.

என்னைக் கேட்டால் நம் பகுதிக்கு அதிகம் வேண்டியது தமிழ் பேசும் குடும்ப நல உத்தியோகத்தர்கள், மிட்வைஃப் மிஸ் என்கிறோமே அவர்கள். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. ஆனால் லயத்துக்கு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) ஏறி இறங்கும் மலையில் 3,000 பேர் என்பது சமவெளியின் 3,000 பேர் இல்லை. ஒன்றரை வருடப் பயிற்சி, அரச நியமனம். வர்த்தமானியில் வரும்போது விடாதீர்கள்.

வெளிநாடு?

ஜப்பானுக்கும் இலங்கைக்கும் 2019இல் உடன்பாடு வந்தது. பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் மொழியில் என்4 மட்டமோ அதற்குச் சமமான பரீட்சையோ பாஸ் பண்ண வேண்டும், பராமரிப்புத் தேர்வும் எழுத வேண்டும். இந்த வேலைக்குத் தரும் திறன் தொழிலாளர் விசாவின் முதல் வகை ஐந்து வருடம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. இஸ்ரேல் பராமரிப்பாளர் வேலைக்கு ஆள் எடுப்பது இரண்டு அரசாங்கங்களின் உடன்பாட்டில், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாக. தனி ஆள் லட்சக்கணக்கில் கேட்டால் அவர் பொய் சொல்கிறார். எந்த நாடானாலும் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். சந்தேகம் என்றால் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.

சம்பளம் எவ்வளவுக்குக் குறையக் கூடாது?

தனியார் துறையில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாவாகவும் ஆனது. அதற்குக் கீழே பேசுகிற ஆஸ்பத்திரி சட்டத்தை மீறுகிறது. அரச துறையில் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250இலிருந்து 40,000க்குப் படிப்படியாகக் கூட்டுவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நேர்ஸுக்கு அதற்கு மேல் வரும், ஓவர்டைமும் சேரும்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 12 சதவீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. முதல் சம்பளச் சிட்டையிலேயே அங்கத்துவ இலக்கத்தைக் கேளுங்கள். "ட்ரெய்னிங் பீரியட்" என்று சொல்லி ஒரு வருடம் போடாமல் இழுக்கிறவர்கள் உண்டு. தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், அதற்குச் செலவில்லை.

பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. செல்லம்மா ஒரு தாளில் செல்வம்மா, அப்பா பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எழுதிக் கொடுத்தவருக்குக் காதில் விழுந்ததுதான் நம் பெயர். விண்ணப்பிக்கும் வாரத்தில் ஓடாதீர்கள், ஓஎல் எழுதும் வயதிலேயே பிரதேச செயலகத்தில் திருத்தக் கொடுங்கள்.

எனக்கு 43 வயது. பத்து வருடமாக வீடுகளில் நோயாளி பார்க்கிறேன். கையில் ஒரு தாளும் இல்லை.

முன் அனுபவத்தை வைத்தே என்விகியூ தரும் முறை இருக்கிறது. வகுப்புக்குப் போகத் தேவையில்லை, மதிப்பீட்டுக்குப் போனால் போதும். நைட்டாவில் கேளுங்கள். வேலை செய்த வீடுகளிலிருந்து கடிதம், முடிந்தால் திகதியோடு. மருந்து கொடுத்த நேரம் எழுதி வைத்த கொப்பி இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

நான் எடுத்ததும் இப்படித்தான். மதிப்பீட்டாளர் பிரஷர் பார்க்கச் சொன்னார், கட்டில் விரிக்கச் சொன்னார், பிறகு ஒரு பெரிய பொம்மையைக் காட்டி இடது பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினேன். கை தானாகத் தலையணையைத் தேடி எடுத்து முழங்கால்களுக்கு நடுவில் வைத்தது. அவர் "இது எங்கே படித்தது?" என்று கேட்டார். வெள்ளவத்தையில் என்றேன். அது எந்த நிலையம் என்று கேட்டு எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.